ஜெயராணி இறங்காத கார்

கண்டி மாநகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் கார் வைத்திருக்கும் எவரும் தம் காரின் சீட்டைத் தாமே கறைப்படுத்தியதாக இதுவரை வரலாறு இல்லை. கறை தானாக வருகிறது. பின்சீட்டில் காய்ந்து கிடக்கும் கோழிக் குழம்பு, கார் வாங்கும்போதே ஜப்பானிலிருந்து கூட வந்தது. கதவோரம் வழிந்திருக்கும் வெற்றிலைச் சாறு தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரின் வேலை. விசாரிக்கலாம் என்றால் அவர் போன மாதம்தான் காலமானார். கடுகண்ணாவ மலைப்பாதை வளைவுகளில் வாந்தியெடுத்த குழந்தை எப்போதும் அடுத்த வீட்டுக் குழந்தை. அந்த அடுத்த வீட்டுக் குழந்தை இந்த மாகாணத்தில் ஏறாத கார் இல்லை.

இவையெல்லாம் ஜெயராணி பதினோரு வருடத்தில் திரட்டிய தகவல்கள். கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இப்பால் இருக்கும் பஹீமின் சேர்விஸ் ஸ்டேஷனில் காரின் உள்பக்கம் முழுவதும் அவளுடைய ஆட்சிக்கு உட்பட்டது. வெளிப்பக்கத்தை யாரும் கழுவலாம். தண்ணீரைப் பீச்சி, நுரையைப் பூசி, துடைத்துவிட்டால் முடிந்தது. உள்பக்கம் அப்படியல்ல. துணிச் சீட்டு என்பது மனிதர்கள் தின்றது, குடித்தது, கக்கியது, மறைத்தது எல்லாவற்றையும் உறிஞ்சி வைத்துக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கும் பிராணி. அதைப் பேச வைக்க வேண்டும்.

கறையைவிட, கறையைப் பற்றிச் சொல்லப்படும் பொய்தான் ஜெயராணிக்கு ஆத்திரமூட்டியது. அதற்கு ஒழுக்கம் சம்பந்தப்பட்ட காரணம் ஏதுமில்லை, தொழில் சம்பந்தப்பட்ட காரணம். இரத்தத்துக்குப் பச்சைத் தண்ணீர் வேண்டும். சுடுதண்ணீர் பட்டால் அது சீட்டிலேயே குடியேறிவிடும். எண்ணெய்க் குழம்புக்கு முதலில் மாவு தூவி உறிஞ்ச வேண்டும். பேனை மைக்கு ஸ்பிரிட். சூயிங்கத்துக்கு ஐஸ் கட்டி. என்ன கொட்டியது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. "சும்மா தேத்தண்ணிதான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் தேத்தண்ணிக்கு உரிய மருந்தைப் போட்டு ஒரு மணித்தியாலம் போராடிய பிறகு, அது பிள்ளையின் இருமல் மருந்து என்று தெரியவரும். 'வைத்தியரிடம் போய், வயிற்று வலியை மறைத்து, முழங்கால் வலி என்று சொல்வார்களா இந்தச் சனங்கள்?' என்று அவள் கேட்பாள். சொல்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

கம்பளை ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். சாதாரண தரப் பரீட்சை எழுதிய கையோடு கொழும்பில் ஒரு தையல் தொழிற்சாலை, பிறகு குவைத்தில் ஆறு வருடம் வீட்டு வேலை. அந்த வீட்டில் ஏழு அறைக்கு ஏழு கம்பளம், கம்பளத்துக்கு ஒரு பிள்ளை. மேற்படிப்பு அங்கேதான் நடந்தது. திரும்பி வந்து, த்ரீவீல் ஓட்டும் லெட்சுமணனைக் கட்டிக்கொண்டு, பஹீமின் ஸ்டேஷனில் தேத்தண்ணி போடும் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த மூன்றாம் மாதம் ஒரு மாப்பிள்ளைக் காரின் பின்சீட்டில், முட்டையும் கருப்பட்டியும் தேங்காய்ப்பாலுமாக ஒரு சட்டி வட்டிலப்பம் கவிழ்ந்து வந்தது. வேலைக்கு இருந்த ஆண்கள் மூவர் அதைப் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துச் சீட்டுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். ஜெயராணி தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "தள்ளுங்க" என்றாள். கத்தியின் முதுகால் வழித்தாள், விளிம்பிலிருந்து நடுவுக்கு ஒற்றினாள், ஒரு தடவைகூடத் தேய்க்கவில்லை. மாப்பிள்ளை வெள்ளை உடுப்போடு அதே சீட்டில் உட்கார்ந்து போனார். அன்றிலிருந்து ஸ்டேஷனில் தேத்தண்ணி போடுவது வேறு ஆள்.

இப்படிப்பட்டவளின் பெயரை நாறடிக்க இரசாயனவியல் ஆசிரியர் ஒருவர் வர வேண்டியிருந்தது.

மோகனராஜ் சேரைத் தெரியாதவர்கள் கம்பளைக்கும் கட்டுகஸ்தோட்டைக்கும் இடையில் கண்ணை மூடிக்கொண்டு பயணம் செய்பவர்களாக இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அவர் ஒவ்வொரு மின்கம்பத்திலும் தென்படுவார்: நீலக் கோட்டு, கட்டிய கை, பின்னணியில் கொதிக்கும் குடுவை. டியூஷன் வகுப்பு; உயர்தரத்துக்கு இரசாயனவியல், சாதாரண தரத்துக்கு விஞ்ஞானம். "சேர் கறுப்பை வெள்ளைன்னு சொன்னாலும் எழுதிக்கங்க, பேப்பர்ல அதுதான் வரும்" என்று பிள்ளைகள் பேசிக்கொள்ளும் அளவுக்குப் புகழ்.

காரையும் மஞ்சளையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இறக்குமதி செய்யத் தடை போட்ட நாடு இது. தடை நீங்கி, கப்பல் வந்து, அதில் சேரின் காரும் வந்தது. வெள்ளைக் கார்; உள்ளே பாலாடை நிறத்தில் துணிச் சீட்டு. சீட்டின் மேல் கம்பனி போட்டு அனுப்பிய பொலித்தீன் உறை. நம் நாட்டில் புதுக் காருக்கு அந்தப் பொலித்தீன்தான் நகை. பிய்ந்து தொங்கும்வரை எவரும் கழற்றுவதில்லை. உட்காரும்போதெல்லாம் அது எழுப்பும் சரசரப்பு, 'புதுசு, புதுசு' என்று ஊருக்கு அறிவிக்கும். சேரும் கழற்றவில்லை. ஆனால் வாகன பூசைக்குப் போன வெள்ளிக்கிழமை மட்டும் ஒரு விஞ்ஞானப் பிரச்சினை எழுந்தது. பொலித்தீன் நீரை உட்புகவிடாத பொருள். பூசாரி தெளிக்கும் மஞ்சள் தண்ணீர் பொலித்தீனில் நின்றுவிட்டால் ஆசீர்வாதம் காரைச் சென்றடையாது. ஆகவே சேர் உறைகளைத் தம் கையாலேயே கழற்றி, "உள்ளுக்கும் நல்லாத் தெளிங்க சாமி, கஞ்சத்தனம் பண்ணாதீங்க" என்றார். சாமி பண்ணவில்லை. பூசை முடிந்ததும் சேர் அந்த ஈரத்தின் மேலேயே உறைகளைப் பத்திரமாகத் திருப்பிப் போட்டு, கிளிப் மாட்டி, வீடு போனார்.

இரண்டு கிழமை ஆசீர்வாதம் பொலித்தீனுக்குள் ஊறியது. ஒருநாள் உறையின் ஓரம் விலகியபோது, பின்சீட்டில் மகாவலி கிளைநதிகளோடு மஞ்சளாக ஓடிக்கொண்டிருந்தது.

முதல் தடவை காரைக் கொண்டுவந்தபோது சேர் சொன்ன வாக்குமூலம்: "என்னமோ தெரியலம்மா, கம்பனியில இருந்தே அப்படித்தான் வந்திருக்கு போல."

ஜெயராணி குனிந்து முகர்ந்தாள். "ஜப்பான்ல விரலி மஞ்சள் அரைச்சா சேர் சீட்டு செய்றாங்க?"

சேர் தொண்டையைச் செருமினார். பூசை வெளியே வந்தது.

அவள் ஸ்பிரிட்டை வெள்ளைத் துணியில் நனைத்து ஒற்றி ஒற்றி முக்கால்வாசியை எடுத்தாள். மூன்று துணி மஞ்சளானது. மீதி இருந்தது நிழல் போல ஒரு வெளிர் மஞ்சள். அதற்கு மருந்து கடையில் இல்லை, வானத்தில் இருக்கிறது. "சேர், இனி வெயில்தான் இதத் தின்னணும். பொலித்தீனப் போடாதீங்க. மூனு நாலு நாள் நல்ல வெயில்ல கதவத் திறந்து வைங்க. தண்ணி போட வேணாம். முக்கியமா சோப்பு சவர்க்காரம் மட்டும் கிட்டக் கொண்டு போயிறாதீங்க. வெயில் பட்ட பிறகு கொண்டு வாங்க, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"எனக்கே சொல்லித் தர்றீங்களா?" என்று சேர் சிரித்தார். சிரித்துவிட்டுப் போனார்.

கண்டிக்கு அந்தக் கிழமை வெயில் வரவில்லை. வியாழக்கிழமைவரை ஒரே மழை. வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்பது சேருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். அவருடைய மனைவி நிலூஷா அன்று தெல்தெனியவில் தாய் வீட்டில் இருந்தார். சனிக்கிழமை காலை திரும்பி வந்த நிலூஷா, காரின் கதவைத் திறந்து, பின்சீட்டைப் பார்த்து, "ஐயோ, யாருக்கு என்ன நடந்துச்சு?" என்று அலறினார். மஞ்சளாக ஓடிய மகாவலி இப்போது சிவப்பாக ஓடியது. யாரையோ கொன்று, பின்சீட்டில் கிடத்திக்கொண்டு போன மாதிரி.

"அந்தப் பொம்பள போட்ட கெமிக்கல்தான்" என்றார் சேர். கணவன், அதிலும் இரசாயனவியல் ஆசிரியர் சொன்னால் மனைவி நம்பத்தான் வேண்டும். நிலூஷா நம்பினார்.

அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதை இல்லை. சேர் படம் பிடித்து, கண்டி வாகன உரிமையாளர் நலன்விரும்பிகள் என்ற பேஸ்புக் குழுவில் போட்டார். 'என் புதிய காரின் சீட்டை இரத்தக்களரியாக்கிய ஜெயராணி என்ற பெண்ணின் கைவண்ணத்தைப் பாருங்கள். படிக்காதவர்களிடம் வாகனத்தைக் கொடுத்து ஏமாறாதீர்கள்.' ஞாயிறு விடிவதற்குள் முந்நூற்று நாற்பது சிவந்த கோப முகங்கள். கீழே கருத்துகள். ஒருவர் பெண்களுக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டிருந்தார். ஒருவர் காரின் விலையைக் கேட்டிருந்தார். மூன்றாமவர், 'சேர், அடுத்த மீட்டல் வகுப்பு எப்போ?'

அந்த முந்நூற்று நாற்பது பேரில் ஒருவராவது சீட்டைத் தொட்டுப் பார்த்தாரா? முகர்ந்து பார்த்தாரா? இல்லை. கோபப்படுவதற்கு இந்நாட்டில் ஒரு விரல் போதுமானதாக இருக்கிறது.

ஞாயிறு காலை எட்டரைக்கு பஹீம் தம் கண்ணாடி அறைக்குள் ஜெயராணியைக் கூப்பிட்டார். அக்குறணைக்காரர், வேலையாட்களுக்கு அண்ணன் முறையில் 'நானா', நல்ல மனிதர், சத்தமும் பேஸ்புக்கும் அவருக்கு ஆகாது.

"ராணி, இதப் பாத்தீங்களா?"

ஜெயராணி பார்த்தாள். ஒருமுறை வாசித்தாள். 'படிக்காதவர்கள்' என்ற சொல்லில் கொஞ்ச நேரம் நின்றாள்.

"நானா, நான் சவர்க்காரம் போடல்ல."

"நீங்க போட்டீங்கன்டு நான் செல்லல்ல. ஆனா ஆக்கள் செல்றாங்களே. நேத்து மட்டும் ரெண்டு பேர் கோல் எடுத்து, எங்கட கார உள்ளுக்குக் கழுவ வாணாம், வெளிய மட்டும் போதும் என்டாங்க. சேர் இப்ப வாராரு, கிளாஸுக்குப் போற வழியில. ஒரு சொரி செல்லிருங்க. சின்ன வார்த்த தானே."

"சொல்லிட்டு?"

பஹீம் மேசையில் இருந்த பேனையை நேராக வைத்தார். "கொஞ்ச நாளைக்கி நீங்க மெட் கழுவுங்க. சீட்டு வேலைய வேற ஆளுக்கிட்ட குடுப்போம். சூடு ஆறினதும் பாப்போம்."

மெட் என்பது காலடியில் கிடக்கும் இறப்பர் விரிப்பு. குழாயை நீட்டினால் தானே கழுவிக்கொள்ளும் பொருள். பதினோரு வருடம் சீட்டுகளைப் பேசவைத்தவள் இனி இறப்பரோடு உட்கார வேண்டும். அதுவும் செய்யாத குற்றத்துக்கு, செய்தவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு. அழுகை வரும் என்று பஹீம் எதிர்பார்த்து டிஷூப் பெட்டியை நகர்த்தினார். அவள் அதைத் திருப்பி நகர்த்தினாள்.

"வரட்டும்" என்றாள்.

ஒன்பதேகாலுக்குக் கார் வந்தது. முன்னால் நீலக் கோட்டோடு சேர், பக்கத்தில் நிலூஷா, டிக்கியில் கம்பளை வகுப்புக்கான குறிப்புக் கட்டுகள். ஞாயிறு என்பதால் வரிசையில் ஏழெட்டு வாகனங்கள். அவற்றின் சொந்தக்காரர்கள் ப்ளேன்டீக் கோப்பைகளோடு நிழலில் நின்றார்கள். சேர் இறங்கி, பின்கதவை அகலத் திறந்து, வகுப்பில் பேசும் குரலை எடுத்தார்.

"பாருங்க எல்லாரும். மஞ்சளாக் குடுத்தேன், இரத்தமாத் தந்திருக்காங்க!"

கோப்பைகள் கிட்ட வந்தன. யாரோ "அப்பே!" என்றார். ஜெயராணி சேரைப் பார்க்கவில்லை. காருக்குள் தலையை நீட்டி, சிவப்பின் மேல் மூக்கை வைத்து ஒரு மூச்சு இழுத்தாள். உடுப்புக் கழுவும் சவர்க்காரம். நன்றாகக் கழுவப்படாத சவர்க்காரம். விரலால் தடவினாள், வழவழத்தது. துணியின் மயிர்கள் எல்லாம் வட்ட வட்டமாகச் சுழித்துக் கிடந்தன. யாரோ பிரஷ்ஷால் பலங்கொண்ட மட்டும் தேய்த்திருக்கிறார்.

"சேர், சவர்க்காரம் போட்டீங்களா?"

"என்ன கேள்வி இது? நான் ஏன் போடுறேன்?"

"பிரஷ்ஷுல தேச்சீங்களா?"

"பஹீம் பாய், இவங்க என்னைய விசாரிக்கிறாங்களா?"

பஹீம் இரண்டு கைகளையும் காற்றில் தடவினார். "ராணி, ஒரு வார்த்த செல்லிட்டு முடிச்சிருங்களே."

ஜெயராணி முடிக்கவில்லை. தேத்தண்ணி போடும் மூலைக்குப் போனாள். ப்ளேன்டீக்கு வெட்டி வைத்திருந்த தேசிக்காயில், அதாவது எலுமிச்சையில், பாதியை எடுத்துவந்தாள். இரத்தக்களரியின் நடுவில், ஒரு ரூபாய் நாணயக் குத்தி அளவுக்கு, நாலு சொட்டுப் பிழிந்தாள்.

சொட்டு விழுந்த இடம் மஞ்சளானது.

கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. ஒருவர் தேத்தண்ணியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டார். அவள் இன்னும் நாலு சொட்டுப் பிழிந்தாள். இன்னொரு மஞ்சள் வட்டம். பிறகு கை கழுவும் தொட்டியில் கிடந்த சவர்க்காரத் துண்டை ஈரத்தோடு கொண்டுவந்து, முதல் வட்டத்தின் ஓரத்தில் இலேசாகத் தொட்டாள். அது மறுபடி சிவந்தது. தேசிக்காய், மஞ்சள். சவர்க்காரம், சிவப்பு. நாக்கில்லாத சாட்சி, எவ்வளவு குறுக்கு விசாரணை செய்தாலும் அதே பதில்.

"மஞ்சள்ல சவர்க்காரம் பட்டா இப்படித்தான் சிவக்கும்" என்றாள் ஜெயராணி. "குழம்பு கொட்டின சேலையத் துவைச்ச எல்லாப் பொம்பளைக்கும் தெரியும். நான் போட்டது ஸ்பிரிட்டு. ஸ்பிரிட்டு சிவக்காது."

இந்த இடத்தில் நியாயமான ஒரு மனிதர் என்ன செய்வார்? தலையைச் சொறிவார், 'மன்னிச்சுக்கங்க' என்பார். மோகனராஜ் சேர் நீலக் கோட்டின் பொத்தானைச் சரிசெய்தார். முகத்தில் ஒரு பக்தி பரவியது.

"திருஷ்டி" என்றார். "எத்தன கண்ணு இந்தக் கார் மேல. அதான் இரத்தமாக் காட்டியிருக்கு. இப்ப எலுமிச்சங்காய் பட்டதும் கழிஞ்சிருச்சு பாத்தீங்களா? அக்காவோட கையில என்னமோ இருக்கு."

பதினைந்து வருடம் அமிலமும் காரமும் படிப்பித்த வாய் அது. நடுங்காமல் சொல்லியது.

அதைவிட அநியாயம், கூட்டம் அதை ஏற்றுக்கொண்டது. சட்டையில் தேத்தண்ணி ஊற்றியவர் கும்பிட்டே விட்டார். வேன்காரர் ஒருவர், "அக்கா, என்ட வேனுக்கும் ஒரு காய் வெட்டுங்களே, மூனு தரம் பம்பர் அடிபட்டிருச்சி" என்று கிட்ட வந்தார். பஹீமுக்கோ நிம்மதி. "அப்ப சரி! முடிஞ்சி! எல்லாருக்கும் டீ போடுங்க." ஒரு நிமிடத்துக்கு முன் சீட்டைக் கெடுத்த படிக்காதவளாக இருந்த ஜெயராணி, ஒரே தாவலில் மந்திரக்காரியாகிவிட்டாள். இரண்டுக்கும் இடையில், வேலை தெரிந்தவள் என்று ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே மட்டும் எவரும் இறங்கவில்லை.

ஜெயராணி கையில் இருந்த தேசிக்காயைப் பார்த்தாள். சேரைப் பார்த்தாள். பிறகு காரின் பின்சீட்டில், சிவப்பு இல்லாத பக்கமாக ஏறி உட்கார்ந்து, கதவை இழுத்துச் சாத்தினாள்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. சேர் குனிந்து கண்ணாடியில் தட்டினார். அவள் கண்ணாடியை நாலு அங்குலம் இறக்கினாள்.

"என்னக்கா, இறங்குங்க. எனக்குப் பதினொரு மணிக்குக் கிளாஸ்."

"சேர் எழுதினதச் சேரே மாத்தி எழுதணும். எழுதினதும் இறங்குறேன்."

"எதை?"

"மூஞ்சிப் புத்தகத்துல எழுதினீங்களே, அத."

"அதான் கழிஞ்சிருச்சேக்கா..."

"திருஷ்டி கழிஞ்சிருச்சு. என் பேரு இன்னும் அங்கயேதான் இருக்கு."

பஹீம் ஓடிவந்தார். "ராணி, இறங்குங்க புள்ள. கஸ்டமர்ட கார்ல குந்திக்கிட்டு ஈக்கிறது சரியில்ல."

"நானா, என்னைய மெட் கழுவச் சொன்னீங்க. செய்யாத ஒன்னுக்கு நான் போய்க் குந்தினா, செஞ்சவரு முந்நூறு பிள்ளைங்களுக்கு முன்னால நின்னு பாடம் நடத்துவாரு. அது சரியா?"

பஹீம் வரிசையில் நின்ற வாகனங்களைப் பார்த்தார். ஒரு காலை மாற்றி மறுகாலில் நின்றார்.

சேர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பொலிஸுக்கு எடுக்கவா?"

"எடுங்க. வந்தா அவங்களுக்கும் ஒரு காய் பிழிஞ்சு காட்டுறேன்."

கூட்டம் சிரித்தது. அதுவரை வாய் திறக்காமல் முன்சீட்டில் இருந்த நிலூஷா மெதுவாக இறங்கினார். அவர் வங்கியில் வேலை செய்பவர். சிரிப்புக்கு இடையில் கூட்டல் போட்டுப் பார்க்கும் பழக்கம் உள்ளவர். காரின் பின்னால் போய் டிக்கியைத் திறந்து, குறிப்புக் கட்டொன்றின் கயிற்றை உருவி, ஒரு பிரதியைப் புரட்டிக்கொண்டே வந்தார்.

"இதை ஆறு வருஷமா நான்தான் டைப் பண்றேன்" என்றார். "இயற்கைக் காட்டிகள். மஞ்சள், காரத்தில் செந்நிறம். உதாரணம், சவர்க்காரக் கரைசல். கீழ ரெண்டு கோடு போடச் சொன்னீங்க. பரீட்சைக்குக் கட்டாயம் வரும்னு."

சேர் கையைக் கட்டிக்கொண்டார். அப்படி நிற்கும்போது அவர் மின்கம்பத்துப் படம் மாதிரியே இருந்தார்.

"வெள்ளிக்கிழமை சவர்க்காரம் போட்டீங்களா?"

"கொஞ்சம்."

"எவ்வளவு?"

"ஒரு கட்டி."

"பிரஷ்?"

"குளியலறைப் பிரஷ்" என்றார் சேர், கோட்டுக் காலருக்குள்ளிருந்து. "மழ நிக்கல. ஞாயித்துக்கிழம கம்பளையில காரப் பாக்கணும்னு பிள்ளைங்க எல்லாம்... சிவந்ததும் பயந்துட்டேன் நிலூ. அந்த நேரம் நோட்ஸ் ஒன்னும் ஞாபகம் வரல்ல."

உண்மை என்பது இவ்வளவுதான். சின்னதாக, ஈரமாக, கொஞ்சம் பரிதாபமாகக்கூட இருந்தது. வெள்ளிக்கிழமையே இந்த நாலு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால், ஜெயராணி ஒரு மணித்தியாலத்தில் தேசிப்புளியால் மஞ்சளாக்கி, ஸ்பிரிட்டால் எடுத்து, சேரைத் திட்டாமல்கூட அனுப்பியிருப்பாள். அவள் எத்தனையோ குளியலறைப் பிரஷ்களைக் கண்டவள்.

"அந்த அம்மாட பேர எல்லாரும் பாக்கப் போட்டீங்க, படிக்காதவங்கன்னு" என்றார் நிலூஷா. "நானும் அத நம்பினேன். எழுதுங்க."

சேர் ஃபோனை எடுத்தார். வெகுநேரம் தட்டினார். எழுதியதை ஜன்னல் இடைவெளியால் நீட்டினார். ஜெயராணி வாசித்தாள்: 'சீட் பிரச்சினை சுமுகமாகத் தீர்ந்தது. அனைவருக்கும் நன்றி.'

ஃபோன் திரும்பி வெளியே வந்தது. "இதுல நான் எங்க இருக்கேன்?"

இரண்டாவது தடவை: 'சீட்டில் தவறுதலாகச் சவர்க்காரம் பட்டுவிட்டது.'

"பட்டுருச்சா? அதுவா நடந்து வந்து ஏறிக்கிச்சா? ஆள் இருக்குல்ல சேர், தூக்கிட்டு வந்த ஆளு. அவரப் போடுங்க."

வேன்காரர், "போடுங்க சேர், போடுங்க" என்றார். மணி பத்தானது. கம்பளையில் முந்நூறு பிள்ளைகள் மண்டபத்துக்கு வந்துகொண்டிருப்பார்கள். சேர் கோட்டைக் கழற்றி முன்சீட்டில் எறிந்துவிட்டு, வியர்வையோடு மூன்றாவது தடவை எழுதினார்:

'என் காரில் மஞ்சள் தண்ணீரை ஊற்றச் சொன்னவன் நான். ஜெயராணி வேண்டாம் என்று சொல்லியும் அதில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்தவனும் நான். சீட் சிவந்தது அதனால்தான். அவர் வேலை தெரிந்தவர். அவரைப் பற்றி நான் எழுதியது பொய்.'

ஜெயராணி ஒவ்வொரு சொல்லாக வாசித்தாள். பிறகு ஃபோனை ஜன்னலால் பஹீமிடம் கொடுத்தாள். "நானா, நீங்களும் வாசிங்க. சத்தமா."

பஹீம் சத்தமாக வாசித்தார். சேர் விரலால் அழுத்தினார். பதிவு போய்ச் சேர்ந்தது.

கதவு திறந்தது. ஜெயராணி இறங்கி, சட்டையின் பின்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டாள்.

"நானா, நாளைக்கு நான் எங்க?"

"எங்கயா? சீட்டுலதான் ராணி. மெட்ட நான் கழுவுறன்."

"கழுவுங்க" என்றாள். அவர் அதைப் பகிடியாகச் சொன்னார். அவள் பகிடியாக ஏற்கவில்லை.

பிறகு தேசிக்காயையும் ஸ்பிரிட் போத்தலையும் ஆறு வெள்ளைத் துணிகளையும் எடுத்துக்கொண்டு, அதே பின்சீட்டில் முழங்கால் ஊன்றினாள். சேர் புறப்படப் பார்த்தார். "எங்க போறீங்க? ஒரு கட்டி சவர்க்காரம் உள்ள இருக்கு. இப்பவே எடுக்காட்டித் துணி உக்கிரும். அந்த லைட்டத் தூக்கிப் பிடிங்க. கொஞ்சம் மேல. சேர், மேல."

அவர் பிடித்தார். நிலூஷா ஃபோனை எடுத்துக் கம்பளை மண்டபத்துக்கு, சேர் ஒரு மணித்தியாலம் பிந்துவார் என்று சொல்லிவிட்டு, கணவர் எழுதியதைத் திறந்து பார்த்தார். வேலை முடியும்வரை பத்து நிமிடத்துக்கொரு தடவை பார்த்தார். முன்னைய பதிவுக்கு முந்நூற்று நாற்பது கோபம். இதற்குப் பதினொரு விருப்பம், அதில் ஒன்று நிலூஷா போட்டது.

"எத்தன பேர் பாத்தாங்க?" என்று உள்ளேயிருந்து ஜெயராணி கேட்டாள்.

நிலூஷா சொன்னார்.

ஜெயராணி மஞ்சளான துணியைப் புரட்டி மடித்து, சுத்தமான பக்கத்தை வெளியே வைத்து, விளிம்பிலிருந்து நடுவுக்கு ஒற்றத் தொடங்கினாள். "மத்தவங்க வரட்டும்" என்றாள். "அவங்க கார்லயும் சீட்டு இருக்குத்தானே."